ஆக்சிஜன் கொதித்த மதியம்

இன்று பணி முடித்து மருத்துவமனையின் பின்வாசல் வழியாக வெளியே வந்தேன். முன்வாசலில் போனால் யாராவது நிறுத்தி எதையாவது கேட்பார்கள், பதில் சொல்லத் தெம்பில்லை. பின்பக்கம் ஆக்சிஜன் டேங்கர் நின்றிருந்தது. நிரப்பி முடித்துக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த வெள்ளைப் புகை தரையோடு படர்ந்து என் செருப்பு வரைக்கும் வந்தது. கணுக்காலில் சில்லென்று பட்டது. நனைந்த சிமெண்ட் வாசனை.

அங்கேயே சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். காவலாளி வந்து, உடம்பு சரியில்லையா சிஸ்டர் என்று ஹிந்தியில் கேட்டார். கால் வலி என்றேன். அது பொய்யும் இல்லை.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. போன ஞாயிறிலிருந்து நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சுற்றுகிறேன். நீ இருந்தால் போனில் ஐந்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். இப்போது எழுதத்தான் முடிகிறது. தமிழில் எழுதி வெகு நாளாயிற்று. வார்டில் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலம், பேச்சு மராத்தியும் ஹிந்தியும். நீ இருந்தவரை பேசவாவது தமிழ் இருந்தது.

இங்கே புனேயில், வட்காவ் ஷேரியில் நாம் எடுத்திருந்த அந்த மூன்றாம் மாடி அறை நினைவிருக்கிறதா? நீ அம்பாசமுத்திரத்திலிருந்து கெமிக்கல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வந்திருந்தாய். நான் திண்டுக்கல்லில் நர்சிங் படித்துவிட்டு வந்தவள். இருந்தது ஒரே மெத்தை. விடிவதற்கு முன் சாக்கண் பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸுக்கு நீ கிளம்புவாய். இரவுப் பணி முடித்து வந்து, நீ விட்டுப்போன சூட்டிலேயே நான் படுப்பேன். ஒருவரையொருவர் விழித்த முகத்தோடு பார்க்க ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், உனக்கு என்னடி வேலை என்று கேட்டேன். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. காற்றைக் கொதிக்க வைக்கிறேன் என்றாய். நான் சிரித்துவிட்டேன். அவ்வளவு சூட்டில் எப்படி நிற்கிறாய் என்று கேட்டேன்.

"கொதிக்கதுன்னா சூடுன்னு ஆருட்டி உனக்குச் சொன்னா? ஒவ்வொண்ணுக்கும் ஒரு இடம் இருக்கு. அந்த இடம் வந்தா அது எந்திரிச்சுப் போயிரும். அவ்வளவுதான்."

பிறகு டீயை வடிகட்டிக்கொண்டே விளக்கினாய். காற்றைக் குளிர வைத்துக்கொண்டே போனால் தண்ணீர் மாதிரி ஆகிவிடுமாம். அதை உயரமான ஒரு கோபுரத்துக்குள் விட்டால் மைனஸ் நூற்றுத் தொண்ணூற்றாறில் நைட்ரஜன் முதலில் எழுந்து மேலே போய்விடும். ஆக்சிஜன் மைனஸ் நூற்று எண்பத்து மூன்று வரை அசையாமல் அடியில் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே நூற்று எண்பத்தாறில் ஆர்கான் இருக்கிறது. அதற்கும் ஆக்சிஜனுக்கும் மூன்றே டிகிரி வித்தியாசம் என்பதால் பிரித்தெடுப்பதற்குள் உயிர் போகும் என்று சொன்னாய். எனக்குப் பாதி புரிந்தது. ஆஸ்பத்திரிச் சுவரிலிருந்து வருகிற ஆக்சிஜன் எங்கோ கொதித்து வருகிறது என்பது மட்டும் மனதில் நின்றது.

மற்றவர்களுக்கு பஸ் நம்பர் தெரிகிற மாதிரி உனக்கு இந்த எண்கள். என்னுடைய பழைய பிரஷர் கருவியைப் பார்த்து, லடாக்கில் போய் வேலை பார்த்துவிடாதே, மைனஸ் முப்பத்தொன்பதில் பாதரசம் உறைந்துவிடும் என்பாய். உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை மோதிரம் போட்டுவிடும்போது குனிந்து என் காதில் "ஆயிரத்து அறுபத்து நாலு" என்றாய். தங்கம் உருகுகிற அளவு அது. புரோகிதர் நம் இருவரையும் முறைத்தார்.

அதன் பிறகு நீ கராடியில் உன் வீட்டுக்காரருடைய ஃபிளாட்டுக்குப் போனாய். அவருக்கு அங்கேயே ஐடி வேலை, நடந்து போகிற தூரம். நான் அதே அறையில் இருந்துகொண்டேன். என் கல்யாணப் பேச்சை வீட்டில் மெல்ல மெல்ல விட்டுவிட்டார்கள். உன் வீட்டுக்காரர் என்னைத் தங்கச்சி என்பார். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது உங்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு.

கொரோனாவின் இரண்டாவது அலையில் அவர் எங்கள் மருத்துவமனைக்கு வந்து படுத்தார். என் வார்டு, ஜன்னலோரப் படுக்கை. அதுவே பெரிய விஷயம் அப்போது. வாசலில் ஆம்புலன்ஸிலேயே காத்திருந்தவர்கள் இருந்தார்கள். நீ வந்து பார்க்க வழியில்லை. யாரையும் உள்ளே விடுவதில்லை. உன் பிளாண்டிலும் யாருக்கும் விடுப்பு கிடையாது. நைட்ரஜன் யாருக்கும் வேண்டாம், ஆர்கானும் வேண்டாம், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆக்சிஜன் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். லாரிகள் வாசலில் வரிசை கட்டி நிற்கின்றன என்று சொல்வாய். சாயங்காலம் கூப்பிடுவாய். நான் அவருடைய மூச்சளவைச் சொல்வேன். வேறு எதுவும் பேச இருவருக்கும் தெம்பு இருக்காது. பிளாண்டுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது என்று கன்ட்ரோல் ரூம் லேண்ட்லைன் எண்ணை எனக்குக் கொடுத்து வைத்திருந்தாய்.

அந்த மதியம் அந்த எண் உதவியது.

சாப்பாட்டு நேரம் கழிந்து வார்டில் ஒரு மெஷின் கத்தத் தொடங்கியது. அதைப் பார்ப்பதற்குள் அடுத்தது. சுவர்க் குழாயில் அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று யாரோ சொல்ல, அந்தச் சொல் மாடிக்கு மாடி ஓடியது. எங்கள் பயோமெடிக்கல் இன்ஜினியரே மேல்மாடியில் காய்ச்சலில் படுத்திருந்தார். இருந்த பெரிய சிலிண்டர்களை எல்லாம் இணைத்தார்கள். அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். டேங்க் கம்பெனிக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். பின்னால் போய் என்னவென்று பாருங்கள் சிஸ்டர், உங்களுக்கு ஆக்சிஜன் பிளாண்டில் ஆள் இருக்கிறதே என்றார். கவச உடையோடு படியிறங்கி ஓடினேன்.

பின்பக்கம் மெயின்டனன்ஸ் ஷிண்டே கையில் இரும்புக் கம்பியோடு நின்றிருந்தார். டேங்குக்குப் பக்கத்தில் இறக்கை வைத்த அலுமினியக் குழாய்கள் ஆளுயரத்துக்கு மேல் நிற்குமே, அவை தெரியவே இல்லை. அந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பனிச் சுவர்தான் இருந்தது. புனேயின் மே மாத வெயில் அதன்மேல் அடித்துக்கொண்டிருந்தது. நான் அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன்.

நீ ஹலோகூடச் சொல்லவில்லை. என் மூச்சைக் கேட்டே, என்ன ஆச்சு என்றாய். சொன்னேன்.

"டேங்க்ல மட்டம் எவ்வளவு காட்டுது?"

"பாதிக்கு மேல இருக்குடி."

"அப்ப ஆக்சிஜன் இருக்கு. கொதிக்கத்தான் மாட்டேங்கு. அந்தக் குழாய் வரிசையில ஐஸ் பிடிச்சிருக்கா?"

"சுவர் மாதிரி பிடிச்சிருக்கு. உடைக்கப் போறாங்க."

"கம்பியைக் கீழ போடச் சொல்லு. குழாய் கீறிச்சுன்னா எல்லாம் போச்சு. தண்ணி ஊத்துங்க. மேல இருந்து ஊத்தணும்."

ஷிண்டேயிடம் சொன்னேன். அவர் கம்பியைப் போட்டுவிட்டு, அதைத்தான் காலையிலிருந்து செய்துகொண்டிருந்தேன், இப்போது குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, மேல்தொட்டி காலி என்றார். "பாணி நாஹி, சிஸ்டர்," என்று இரண்டு கையையும் விரித்தார். வழக்கமாக எடுக்கிற அளவைவிடப் பல மடங்கு ஆக்சிஜனை இழுத்துக்கொண்டிருந்தோம். வெளிக்காற்றின் சூட்டை வாங்கித்தான் அந்தக் குழாய்களுக்குள் திரவம் கொதித்து வாயுவாகும் என்று நீ பின்னால் விளக்கினாய். பனி மூடிவிட்டதால் காற்று அதைத் தொடவே முடியவில்லை. அப்போது அதெல்லாம் எனக்குத் தெரியாது. தண்ணீர் இல்லையாம்டி என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பக்கத்துல வீடு இல்லையா? கேளு," என்றாய்.

மதிலுக்கு அப்பால் ஒரு சோசைட்டி, அடுக்குமாடிக் குடியிருப்பு. ராத்திரியெல்லாம் சைரன் அடிக்கிறது என்று எங்கள்மேல் புகார் கொடுத்தவர்கள். நான் மதிலோரம் நின்று எனக்குத் தெரிந்த மராத்தியில் கத்தினேன். பால்கனியில் ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். என்ன புரிந்ததோ, உள்ளே போய்விட்டார். சற்று நேரத்தில் அவர்கள் தோட்டத்துக்கு விடுகிற நீளமான ரப்பர் குழாய் மதிலுக்கு மேலே வந்து விழுந்தது. தண்ணீரோடு. கூடவே அங்கிருந்த ஆண்கள் சிலர் குடத்திலும் பக்கெட்டிலும் கொண்டுவந்து மதில்மேல் நீட்டினார்கள். முகத்தில் துணி கட்டியிருந்தார்கள். எங்களைத் தொட்டுவிடாமல் மதில்மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்கள். ஷிண்டே ஏணியில் ஏறி மேலிருந்து ஊற்றினார். கேன்டீன்காரர் ஓடிவந்து, வெந்நீர் போடட்டுமா என்று கேட்டார். அதையும் உன்னிடம் கேட்டேன்.

"வெந்நி வேண்டாம்ட்டி. நம்ம குழாய்த் தண்ணியே அதுக்குத் தீ மாதிரிதான். நீ மேல ஒரு ஆள்கிட்டச் சொல்லு. கக்கூஸுக்கு, ஸ்கேனுக்குன்னு எந்திரிச்சுப் போனவங்க மாஸ்க் சும்மா ஊதிட்டுக் கிடக்கும். அதையெல்லாம் மூடச் சொல்லு."

வார்டுக்குச் சொல்லி அனுப்பினேன். உன் குரல் ஒரே சீராக இருந்தது. நமக்குள் யாராவது ஒருத்தி பதற வேண்டும் என்றால் அது நான்தான் என்று முடிவு செய்துவிட்டவள் போல இருந்தாய். நீ கேட்டாய், நான் பார்த்துச் சொன்னேன். பனி முதலில் சாம்பல் நிறமானது. பிறகு உள்ளே சடசடவென்று சத்தம் வந்தது. ஷிண்டே ஏணியிலிருந்து குதித்து விலகினார். கதவளவுக்கு ஒரு பாளம் பெயர்ந்து விழுந்து தரையில் உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று. அலுமினியம் தெரிந்தது.

"பிரஷர் ஊசி ஏறுதாட்டி?"

"ஏறுது. ஏறுதுடி."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு நீ பேசியபோது வேறு யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

"அவுகளுக்கு எப்படி இருக்கு?"

நான் மறுபடி படியேறி ஓடினேன். உன் வீட்டுக்காரர் கண் திறந்திருந்தார். என்னைப் பார்த்து விரலை லேசாக ஆட்டினார். அதை உனக்குச் சொன்னேன். சரி, இங்கே டேங்கர் நிற்கிறது என்று சொல்லி வைத்துவிட்டாய்.

அன்று எங்கள் வார்டில் யாரும் போகவில்லை. அடுத்தடுத்த நாட்களில் போனார்கள். ஆக்சிஜன் இருந்தும் போனார்கள். அந்தக் களைப்பு அப்போது உடம்பில் ஏறியதுதான், இன்னும் இறங்கவில்லை. உன் வீட்டுக்காரர் பிழைத்து வீட்டுக்கு வந்தார். மெலிந்து, ஒரு மாடி ஏறினால் மூச்சிரைத்து, கொஞ்சம் கோபக்காரராகவும் வந்தார்.

அந்தக் கோபம் ஒருநாள் என் எதிரிலேயே வெளியே வந்தது. அவருடைய அப்பா திதிக்கு நீ லீவு போடவில்லை என்று பேச்சு ஆரம்பித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாய்.

"நான் சாகக் கெடந்தப்பவே நீ பிளாண்ட்லதான இருந்த," என்றார்.

நீ கரண்டியைக் கீழே வைக்கவில்லை. அவர் தட்டில் ரசம் ஊற்றி முடித்தாய். நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கடியில் என் முழங்காலை அழுத்திப் பிடித்தாய், வலித்தது.

என்னை வழியனுப்ப லிஃப்டில் கீழே வந்தாய். பார்க்கிங்கில் நிறுத்தி, ஏன்டி அந்த மதியத்தை அவரிடம் சொல்லவே இல்லை என்று கேட்டேன். நான் சொல்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாய். ஏன் என்றேன். யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர் சீட்டைத் தடவிக்கொண்டே நின்றாய்.

"அந்த அரைமணி நேரம் அவுக ஞாபகமே எனக்கு வரலட்டி. அந்தக் குழாயும் ஐஸும்தான் கண்ணுக்குள்ள நின்னுச்சு. ஊசி ஏறுதுன்னு நீ சொன்ன பொறவுதான், ஐயோ, அங்க அவுக கெடக்காவளேன்னு வந்துச்சு. அத எப்படி அவுககிட்டச் சொல்ல?"

வார்டில் எனக்கும் அப்படி ஆகும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. ஆட்டோ வந்துவிட்டது, ஏறிவிட்டேன்.

அதன் பிறகு உனக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்து, ஆபரேஷன், மருந்து, மறுபடி மருந்து. உன் வீட்டுக்காரரைப் பற்றி நான் நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தே வேலை என்று எழுதி வாங்கிக்கொண்டு உன் பக்கத்திலேயே இருந்தார். உன் தலையை வாரிவிட முடி இல்லாமல் போன பிறகும் எண்ணெய் தடவிவிட்டார். கடைசி வாரங்களில் வீட்டுக்கே ஆக்சிஜன் மெஷின் வாடகைக்கு எடுத்தோம். கட்டில் ஓரம் அது உறுமிக்கொண்டே இருந்தது. நீ மூக்குக் குழாயைத் தொட்டுப் பார்த்து, இது கொதிக்க வைத்து எடுப்பதில்லை, மாவு சலிக்கிற மாதிரி காற்றைச் சலிக்கிறது என்று குறைபட்டுக்கொண்டாய். அவர் சிரித்தார். நீயும் சிரித்து, இருமி, அப்படியே தூங்கிவிட்டாய். போன மழைக்காலத்தில் ஒரு விடியலில் உன் மூச்சு நின்றபோது மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் எழுந்து அணைத்தேன்.

போன ஞாயிறு அவர் என் அறைக்கு வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. கராடி ஃபிளாட்டைக் காலி செய்துவிட்டு மாற்றல் வாங்கிக்கொண்டு ஊர்ப்பக்கம் போகிறாராம். உன்னுடைய ஸ்வெட்டர் இரண்டை எனக்காக எடுத்துவந்திருந்தார். இருந்த ஒரே நாற்காலியில் அவரை உட்காரச் சொல்லி, டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன் தங்கச்சி, அன்றைக்கு, உங்கள் முன்னாடிதான், என்றார். திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தே நாள் போய்விட்டது. அவள் என்னை மன்னித்தாளா என்று உங்களிடம் ஏதாவது சொன்னாளா?

நீ வேண்டாம் என்றது எனக்கு மறக்கவில்லை. ஆனால் அந்த மனிதரை அப்படியே ரயிலேற்றி அனுப்ப என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பனிச் சுவர், ஷிண்டே, மதிலுக்கு மேலே வந்த குழாய், உன் குரல். நீ பார்க்கிங்கில் சொன்னதையும் சொன்னேன். அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் அது நீயாக இருக்காது என்று பட்டது.

அவர் கையிலிருந்த டீயில் ஆடை படிந்துவிட்டது.

"என் ஞாபகம் வந்திருந்தா அவளுக்குக் கை ஓடியிருக்காது, தங்கச்சி. வராம இருந்ததாலதான் நான் இங்க உக்காந்திருக்கேன்," என்றார்.

பிறகு செல்போனை எடுத்து எதையோ தேடினார். அவருக்குப் பக்கத்துப் படுக்கையில் இங்கே ஏர்வாடாவைச் சேர்ந்த ரிக்‌ஷா ஓட்டுநர் ஒருவர் படுத்திருந்தார் அல்லவா, அவரும் பிழைத்தார். வருஷா வருஷம் தீபாவளிக்கு உன் வீட்டுக்காரருக்கு அவர் போன் செய்வாராம், எனக்கு அது தெரியாது. அந்த மனிதரைக் கூப்பிட்டார். அரைகுறை மராத்தியும் ஹிந்தியுமாகப் பேசினார். அன்றைக்கு மதியம் நமக்கு மூச்சு முட்டிற்றே, ஞாபகம் இருக்கிறதா? அதைச் சரிசெய்தது என் மனைவி. ஆமாம், போன வருஷம் தவறிப்போன அவள்தான். எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது.

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அந்தப் பக்கம் ரிக்‌ஷா எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவர் அதை அணைத்தார். வண்டியில் ஏறியிருந்த யாரிடமோ கொஞ்சம் பொறுங்கள் என்றார். பிறகு, உங்கள் வீட்டம்மா பெயர் என்ன என்று கேட்டார். இத்தனை வருஷப் பழக்கத்தில் கேட்டதில்லையாம்.

உன் வீட்டுக்காரர் சொன்னார். அந்த மனிதருக்கு முதலில் பிடிபடவில்லை, நம் ஊர்ப் பெயர் அல்லவா. மறுபடி கேட்டு, மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சரிதானா என்று கேட்டார். சரிதான் என்றோம் இருவரும்.

எனக்கு நாளைக்கும் வேலை இருக்கிறது. குளித்துவிட்டுப் படுக்க வேண்டும். நீ என்மேல் கோபப்பட்டாலும் படு, நான் சொன்னதைத் திருப்பி எடுப்பதாக இல்லை. உன் பொருள் என்று அந்த ஸ்வெட்டர்கள் இருக்கின்றன, அவை எனக்குப் பத்தவில்லை. ஏர்வாடாவில் ஒருவர் உன் பெயரைக் கொஞ்சம் தப்பாக, ரொம்பக் கவனமாகச் சொன்னதுதான் காதில் இருக்கிறது. படியேறும்போதும் ஊசி போடும்போதும் அது கேட்கிறது.